நாலு விரற்கடை

மழை விட்டு ஒன்பதாம் நாள்.
தண்டையார்பேட்டையில் வெயில் காய்கிறது.
எங்கள் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
படுக்கையறைச் சுவருக்கு மட்டும் இன்னும் அடைமழை.

கல்யாணத்துக்குப் போக ஜெசிந்தா பட்டெடுத்தாள்.
மடிப்பு நெடுகச் சாம்பல் பூத்திருந்தது.
உதறினாள், தும்மினாள்.
தும்மல் எனக்கு வந்து, பிறகு செரினுக்குப் போனது.
"பொடவய வுடு. பின்னால இன்னா இருக்குன்னு பாரு."

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மாமனார் கொடுத்த இரும்பு பீரோ
ஏழு வருஷம் சுவரோடு ஒட்டி நின்றது,
நூல் நுழைய இடம் விடாமல்.
பத்துக்கு ஒன்பது அறையில்
இடம் விட்டு வைப்பது
பங்களாக்காரர் பழக்கம்.

இழுத்தோம்.
கடல் பார்த்த சுவரில்
கறுப்பாய் இன்னொரு பீரோ நின்றது.
அதே உயரம், அதே அகலம்.
கைப்பிடிதான் இல்லை.
தொட்டேன், மீன் பெட்டி மூடியின் சில்லிப்பு.
விரலில் மை போல் ஒட்டிக்கொண்டது.

செரினுக்கு ராத்திரியானால் மூச்சு விசிலடிக்கும்.
மணலிப் புகை என்றேன்.
பனி என்றேன்.
ஐஸ்கிரீம் தின்றாயா என்று அதட்டினேன்.
நெபுலைசர் முகமூடிக்கு மேலே
இரண்டு கண்கள்
இல்லை இல்லை என்றன.

எனக்குத் தெரியாதது இல்லை.
பதினொரு வருஷம்
கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறவன்.
ராத்திரி இரும்பு குளிர்ந்தால்
உள்ளே அடைபட்ட காற்று
தகரத்தில் முத்து முத்தாய் வேர்க்கும்.
காலையில் கதவு திறந்தால்
ஓரத்து மூட்டையெல்லாம் நமுத்திருக்கும்.
"சாய்க்காதே, நாலு விரற்கடை விடு,
அடியில் கட்டை போடு, காத்து நடக்கட்டும்"
கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் நான்.
எவனோ ஏற்றுமதி செய்யும் மிளகாய்க்கு
அளந்து வாங்கிக் கொடுத்த இடம் அது.

மூக்கில் துண்டு கட்டி
பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன்.
இரண்டு ஜன்னலும் திறந்து கிடந்தன.
மழை நாளெல்லாம் கட்டிலுக்கு மேலே
ஈரத் துணி சுமந்த கொடியை
அவள் அவிழ்த்துச் சுருட்டினாள்.
"துணி காஞ்சிச்சின்னு நெனச்சோம்.
எல்லாத்தியும் சொவுரு குட்சிக்கினு இருந்திருக்கு."

அந்தச் சுவரில் இடம் விட்டு வைத்தால்
பீரோக் கதவு கட்டிலில் இடிக்கும்.
மிச்சம் ஒரே சுவர்.
அதற்கு அந்தப் பக்கம் கலாவல்லியின் அடுப்படி.
தண்ணி லாரி வரிசையில் ஒரு குடம் முந்தியதற்கு
ஒன்றரை வருஷமாய்ப் பேச்சில்லை.

பீரோ தரையைக் கீறிக்கொண்டு போனது.
அங்கிருந்து சுவரில் இரண்டு தட்டு.
நின்றோம்.
அதட்டலா, என்ன ஏது என்ற கேள்வியா, புரியவில்லை.
ஜெசிந்தா கொஞ்சம் யோசித்து
திருப்பி ஒரு தட்டு தட்டினாள்.
அதோடு சரி.

விடியற்காலை ஐந்துக்கு
அந்தச் சுவரில் உள்ளங்கை வைத்தால்
இளஞ்சூடு.
கேஸ் அவள் காசு,
காய்வது எங்கள் துணி.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வெறிச்சோடிய வெளிச்சுவரில்
போன வாரம் ஒரு புள்ளி.
பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.
வட்டத்தைத் தாண்டினால்
மொட்டைமாடி விரிசலைப் பற்றி
மறுபடி மனு எழுத வேண்டும்.

செரின்தான் தினமும் அளக்கிறாள்.
"நாலு விரல்னா யார் விரல்ப்பா?"
என் விரல் என்றேன்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
கையை முழங்கை வரை விட்டாள்.
வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கறுப்பு இல்லை.
முகர்ந்தாள்.

"கடுகு" என்றாள்.